ஒன்பது கதவுகளுக்கும் உச்சி வெயில்

மழை பிடித்து இருபத்திரண்டாம் நாள், ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐயம்பெருமாள் கூரைமேல் ஏறி டிஷ்ஷில் படிந்த பாசியைத் துடைத்துவிட்டுக் கீழே இறங்கி, ஈரக் காலைச் சாக்கில் தேய்த்துக்கொண்டே ரிமோட்டில் பன்னிரண்டாம் நம்பரை அழுத்தியபோது, அவன் வீட்டு டிவியில் வெயில் வந்தது. வெயிலின் படம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கண்ணாடியைத் தாண்டி வந்து, சிமெண்டுத் தரையில் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்து, நாற்காலி முதுகில் ஒரு வாரமாகக் காய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்த அவனுடைய சட்டையிலிருந்து ஆவியைக் கிளப்பிய அசல் வெயில். அவன் கையை நீட்டிப் பார்த்தான், சுட்டது. பிறகு மனைவியைக் கூப்பிட்டு, "வடிவு, இங்க வா, வெயில் அடிக்குது" என்றான். அடுக்களையிலிருந்து அவள், "அப்பம் கதவத் தொறந்து விடுங்க, வீடு நாறுது" என்றாள்.

பன்னீர்மட்டத்தில் வைகாசி பாதியில் பிடிக்கும் மழை புரட்டாசி வரைக்கும் ஆளை விடாது. தீப்பெட்டியை அரிசிக்குள் புதைத்து வைக்க வேண்டும், உப்பு ஜாடியில் உப்புத் தண்ணீர்தான் இருக்கும், துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் புகையில் வாட்டித்தான் உடுத்த வேண்டும், அதனால் கல்யாணத்துக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் எங்கள் எல்லார் மேலும் ஒரே விறகுப்புகை வாசனைதான் அடிக்கும், காலில் அட்டை ஏறியது தெரியாமல் பாதிப் பூசை முடிந்திருக்கும். இதையெல்லாம் நாங்கள் குறையாகச் சொல்வதில்லை. தேயிலைக்கு மழை வேண்டும், எங்களுக்குத் தேயிலை வேண்டும்.

நாங்கள் குடியிருப்பது ஒன்பது கதவு வீடு. ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டி அடுக்கிவைத்த கிட்டங்கியை ஐயம்பெருமாளின் அப்பா வாங்கி, பலகைத் தடுப்பு அடித்து ஒன்பதாகப் பிரித்தார். ஒரே தகரக் கூரை, ஒரே தரை, ஒரே பின்வாசல், ஒன்பது முன்கதவு. முதல் கதவு ஐயம்பெருமாளின் அம்மா சீதேவியக்காவுக்கு, இரண்டாவது ஐயம்பெருமாளுக்கும் வடிவுக்கும், மற்றதில் எல்லாம் எங்களைப் போலக் குடியிருப்புக்காரர்கள். ஏழாம் கதவு என்னுடையது. நான் தையல்காரன், பெயர் சந்தியாகு. டீக்கடை கோயாக்கா நாலாம் கதவு, மலையாளத்துக்காரர், அந்தப் பக்கம் இக்கா என்றால் அண்ணன். மற்றவர்கள் பெயரைச் சொல்லி உங்களைக் குழப்பப் போவதில்லை.

ஐயம்பெருமாளுக்கு டிஷ் மாட்டுகிற வேலை. ஆனால் எங்கள் வீட்டில் டிஷ் வைக்கத் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தெற்கே மலை மறைக்கும், மேற்கே சவுக்கு மரங்கள் மறைக்கும், இரண்டாம் கதவுக்கு மேலே கூரையின் ஒரு மூலைக்கு மட்டும் சாட்டிலைட் இருக்கிற திசை திறந்திருந்தது. அங்கே அவன் தன் டிஷ்ஷை வைத்திருந்தான். நாங்கள் தெருக் கேபிள் பார்த்துக்கொண்டிருந்தோம், அந்த வயரையும் மழையின் முதல் வாரத்திலேயே மரம் விழுந்து அறுத்துவிட்டது.

வடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்முகவடிவு என்பது முழுப்பெயர். திசையன்விளைப் பக்கம், செம்மண் தேரி ஊர், வருடத்தில் முந்நூறு நாள் வெயில் கொளுத்துகிற இடம். அங்கே அவள் அம்மாவும் சித்திகளும் அவளுமாகக் கூழ்வற்றலும் மோர்மிளகாயும் போட்டுக் கடைகளுக்கு அனுப்புவார்கள், கூழின் பதம் பார்ப்பதில் அவளுக்கு மிஞ்சி அந்தத் தெருவில் ஆள் கிடையாதாம். தை மாதம் கல்யாணமாகி மலை ஏறி வரும்போதே ஒரு மூட்டை வற்றல் அரிசியோடுதான் வந்தாள். மாசி பங்குனியில் கொஞ்சம் போட்டாள். அப்புறம் மழை பிடித்தது. பதினெட்டாம் நாள் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் அரிசி பச்சையாகப் பூத்துக் கிடந்தது. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. புருஷனிடம் நிதானமாக இதைத்தான் சொன்னாள்:

"ஆடி ஒண்ணாம் தேதி எங்க அப்பா என்னையக் கூப்பிட வருவாவ. போனா நான் திரும்பி வர மாட்டேன். சொல்லாமப் போயிட்டான்னு பெறவு யாரும் பேசக் கூடாது, அதான் முன்னாலயே சொல்லுதேன்."

ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆவணியில் திரும்பி வருவதும் உள்ளதுதான். வரமாட்டேன் என்று ஒருத்தி ஆனியிலேயே சொல்லிவிட்டால் புருஷன்காரன் என்ன செய்வான்? ஐயம்பெருமாள் என் கடைக்கு வந்து தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, அவளுக்குக் கோபம் என் மேல இல்ல, இந்த ஈரத்து மேல. அடிச்சா திருப்பி அடிக்கலாம், இத என்ன செய்ய?" என்றான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருநூறு வாட் பல்பு வாங்கி மாட்டினான், டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துப் பார்த்தான், அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டினான். வற்றலில் புகை ஏறியதுதான் மிச்சம். ஆளையே உருக்கிவிட்டது அந்தக் கவலை.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை டிவியில் வெயில் வந்தபோது, அது ஏன் வந்தது எப்படி வந்தது என்று கேட்கிற நிலையில் அவன் இல்லை. வடிவு அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய்க் கூழ் கிண்டினாள். பழைய வேட்டி ஒன்றை நனைத்துப் பிழிந்து தரையில் விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றி, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக் குச்சியோடு காவல் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் எதற்குக் காவல் என்று ஐயம்பெருமாள் கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று, அரை மணி நேரத்தில் பின்வாசல் வழியாக மூன்று காக்காய்கள் வந்தன.

மூன்று வெயிலில் வற்றல் கலகலவென்று காய்ந்தது. அந்த மூன்று நாளில் அவன் மற்ற நம்பர்களையும் அழுத்திப் பார்த்துப் பாடம் பண்ணிவிட்டான். ஆறில் இளவெயில், ஒன்பதில் வேலைக்குப் போகிற நேரத்து வெயில், பன்னிரண்டில் உச்சி, நாலில் சாய்வான மஞ்சள் வெயில், முந்நூறுக்கு மேலே போனால் எப்போதும்போல சீரியலும் செய்தியும். கரண்டு போனால் வெயில் எந்த மணியில் நின்றதோ அந்த மணியிலேயே கரண்டு வரும்வரை நிற்கும். வடிவு வற்றலைப் பொரித்து ஒன்பது கதவுக்கும் ஒரு தட்டு அனுப்பினாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். அடிமழைக் காலத்தில் மொறுமொறுவென்று வற்றல் வந்தால் எவன் சும்மா இருப்பான்? பல்லில் வைத்ததுமே கோயாக்கா, "இது வெயில்ல காஞ்சதாக்கும்" என்று எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் அந்த வெயிலை வாங்கிக்கொண்ட விதத்தைப் பார்க்க வேண்டுமே. முதல் நாள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், இரண்டாம் நாள் மிளகாயும் மல்லியும் முறத்தில் வந்தது, மூன்றாம் நாள் தோட்டத்து மேல் பிரிவில் லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து பள்ளிக்கூடச் சட்டைகள் மூட்டையாக வந்தன, நாலாம் நாள் பிள்ளையார் கோயில் பூசாரி பத்து வருஷமாகக் காயாத மணைப்பலகையைக் கொண்டுவந்து சாத்திவிட்டு, டிவிக்கு முன்னால் நின்று சூரிய நமஸ்காரத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யோசித்து, கடைசியில் டிவி பக்கமே திரும்பிக் கும்பிட்டார். வாசல்படியோடு அட்டைகள் நின்றுவிட்டன. கோழி இரண்டு முட்டையிட்டது. ஐயம்பெருமாளின் மூக்கு கறுத்தது. கோயாக்கா தன் கடையில், இந்த ஊர் பிறந்த நாள்முதல் ஆனி மாதத்தில் யாரும் கேட்டிராத நன்னாரி சர்பத் போட்டு விற்றார், வெயிலில் உட்கார்ந்து எழுந்தவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு போய் அதை வாங்கிக் குடித்தார்கள். காரணம் சொல்லவும் ஆள் இருந்தது. பங்குனி மாதத்தில் சில நாள் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்குமாம், அப்போது பத்து நிமிஷம் டிவி இரையும், படம் வராது, இது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்த விஷயம். அப்படி நின்றபோது கொஞ்சம் வெயில் வழி தவறி டிஷ்ஷுக்குள் இறங்கியிருக்கும் என்று தபால்காரர் சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டோம். ஊரில் மற்ற டிஷ்களுக்குள் ஏன் இறங்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நம் வீட்டில் வந்ததை ஏன் கிளற வேண்டும்?

ஆனால் கொஞ்ச நாளிலேயே பார்க்கிற சுகம் போதாமல் போயிற்று, அவரவர் வீட்டிலேயே வேண்டும் என்று ஆசை வந்தது. முதலில் கேட்டது சீதேவியக்கா. "என் முட்டிக்கு இளவெயில் பட்டா நல்லதுடா" என்றார். பெற்ற தாய் கேட்டால் இல்லை என்பானா? ஒரு ஸ்பிளிட்டர் போட்டு ஒரு கம்பியை இரண்டாக்கினான். அடுத்தது கோயாக்கா, ஒன்பது மணி வெயில். மூன்றாவது நான். ஊசியில் நூல் கோக்க நாலு மணி வெயில்தான் கண்ணுக்கு உகந்தது என்று சொல்லி அவனை ஒரு நாள் முழுக்க அரித்து எடுத்தேன். ஐயம்பெருமாளுக்கு டிஷ் தொழில் தெரியும், ஏணி இல்லாமல் கூரை ஏறத் தெரியும், மாட்டேன் என்று சொல்ல மட்டும் தெரியாது. ஸ்பிளிட்டருக்குக் கீழே ஸ்பிளிட்டர், அதற்குக் கீழே இன்னொன்று, மழைத் தண்ணீர் இறங்காமல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் சுற்றி, பத்து நாளில் ஒன்பது கதவுக்கும் வெயில் கொடுத்துவிட்டான்.

எல்லோருக்கும் கிடைத்தது, யாருக்கும் காயவில்லை. டிஷ்ஷின் முகத்துக்கு நேராக நிற்கிற தலைக்கு, அதை எல்.என்.பி. என்பார்கள், அந்தத் தலைக்கு ஒரு கம்பி வழியாக ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் புரியும். ஒரு வீட்டில் ஆறு, ஒரு வீட்டில் ஒன்பது, ஒரு வீட்டில் பன்னிரண்டு, என் வீட்டில் நாலு என்று ஆளுக்கொரு மணியைக் கேட்டால் அது எதைக் கொடுக்கும்? எந்த மணிக்கும் சேராத, கழுவின பால்பாத்திரத்துத் தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம் ஒன்பது வீட்டுத் தரையிலும் விழுந்தது. அதில் நிழல்கூடச் சரியாக விழவில்லை. ஐயம்பெருமாள் பொள்ளாச்சியிலிருந்து வீட்டுக்கு வீடு தனித்தனிக் கம்பி இழுக்கிற மாதிரி புதுத் தலை ஒன்று வரவழைத்து மாட்டிப் பார்த்தான். அதில் ஒன்பது வீட்டிலும் ஒன்பது சேனல் கண்ணாடிபோல வந்தது, வெயில் மட்டும் வரவில்லை. பழைய தலையையே திரும்ப மாட்டினான்.

வடிவு ஊற்றிய வற்றல் துணியோடு புளித்தது. இரண்டாம் முறையும் புளித்தது. மூன்றாம் முறை அவள் கூழ் கிண்டவே இல்லை.

"ஊருக்குப் பங்கு வச்சியள்லா, நல்லது. எனக்கு வெளிச்சம் போதுமா? சூடு வேணும்" என்று மட்டும் சொன்னாளாம். அவன் என்னிடம் வந்து அதைச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டு பொத்தான் தைத்தேன். நாலாம் நம்பரை விட எனக்கு மனசில்லை. என் புத்தி அப்படி.

ஆனி இருபத்தெட்டு அன்று மத்தியானம் அவள் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். ஐயம்பெருமாள் அதைப் பார்த்தான். கட்டிங் பிளேயரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஏணியைச் சாத்தினான். அவன் முகத்தைப் பார்த்ததும் எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எட்டுக் கதவுக்காரர்களும் குடையோடு வெளியே வந்து நின்றோம். ஏணியை யாராவது பிடிக்க வேண்டுமே என்று நான்தான் பிடித்தேன்.

"வெட்டுடா" என்றார் சீதேவியக்கா. "இருபது வருஷமா வலிக்கிற முட்டி, இன்னும் வலிச்சிட்டுப் போகட்டும்."

கோயாக்காவும் வெட்டச் சொன்னார். வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். என் முறை வந்தபோது நான் ஏணியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது வடிவு வெளியே வந்தாள். குடை பிடிக்கவில்லை.

"அங்க என்ன செய்யுதிய?"

"கம்பிய வெட்டப் போறேன்."

"எத்தனைய?"

"எட்டு. வெயில் உனக்குத்தான் வடிவு. மொத்தமும் உனக்குத்தான்." மழையில் அழுதால் தெரியாது என்று நினைத்திருப்பான், நன்றாகவே தெரிந்தது.

அவள் நனைந்துகொண்டே ஏணியடிக்கு வந்தாள். எங்கள் எட்டுப் பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். எனக்கு அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"கீழ இறங்குங்க" என்றாள். "எனக்கு மட்டும் வெயில் அடிச்சா ஊர்க்காக்கா பூரா என் துணியிலதான் வந்து உக்காரும். எங்க ஊருல எவளும் தனியா வத்தல் போட மாட்டா. தெரு முழுக்க ஒரே நாளுதான் போடுவோம். காக்காவும் பங்காயிரும், காவலும் பங்காயிரும். இறங்குங்க, தகரம் வழுக்குது."

அவன் பாதி ஏணியில் நின்றான்.

"ஒண்ணு கேக்கேன், தொழில் தெரிஞ்ச ஆளுதானே நீங்க? ஒம்பது வீட்டுலயும் ஒரே நம்பர அமுக்குனா என்ன ஆவும்?"

ஐயம்பெருமாள் தலையைத் தூக்கி டிஷ்ஷைப் பார்த்தான். மழை அவன் நெற்றியில் ஓடியது. "ஒரே கட்டளைன்னா தலைக்குக் குழப்பம் இல்ல" என்றான் மெதுவாக. "முழுசா வரும்னுதான் நினைக்கிறேன். யாரும் அப்படிக் கேட்டதில்லையே வடிவு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது கதவு வீட்டில் ஒரே குழாயடிக்கு ஒன்பது சண்டை, ஒரே விறகுக்கொட்டகைக்கு ஒன்பது பூட்டு. இவர்கள் எல்லாரும் ஒரு நம்பரை அழுத்துவார்களாம். வடிவு என் சிரிப்பைக் கவனித்தாள். நேராகக் கோயாக்காவிடம் போய், "மாமா, கல்யாணத்துக்குப் பிரியாணி வைக்கிய அண்டா இருக்குல்லா, அதத் தாங்க" என்றாள்.

எங்களிடம் அவள் கெஞ்சவும் இல்லை, நியாயம் பேசவும் இல்லை. அன்று சாயங்காலம் வரை மாவு அரைத்து, மறுநாள் விடியும்போதே சீரகமும் பச்சைமிளகாயும் எலுமிச்சையும் சேர்த்து அண்டா நிறையக் கூழ் கிண்டி, ஒன்பது நனைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஐயம்பெருமாளை அண்டாவின் ஒரு காதைப் பிடிக்கச் சொல்லி, கதவு கதவாக வந்தாள். "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று என் வீட்டுக்குள் வந்து, என் டிவிக்கு முன்னால் துணியை விரித்து, நூறு வற்றல் ஊற்றிவிட்டு, "இது உங்களுக்கு. காஞ்சா நீங்க திங்கலாம், காயாட்டி நீங்கதான் தூரப் போடணும்" என்று சொல்லி அடுத்த கதவுக்குப் போய்விட்டாள். எங்கள் ஒவ்வொருவரிடமும் இதையேதான் சொன்னாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்த நூறு வற்றலைப் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று, ஈரமாக, என் வீட்டுத் தரையில், எனக்கே எனக்கென்று கிடந்தன. நாலு மணி வெயிலில் இவை காயாது என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் ஒன்பதாம் நம்பர் ஓடினாலும் காயாது என்பதும் தெரியும். என் கை தன்னாலே ரிமோட்டைத் தேடிற்று. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டாம் கதவுக்காரர், "சந்தியாகு, எத்தனைல வச்சிருக்கே? பன்னெண்டுல வை" என்று கத்தினார். நானும் ஆறாம் கதவைப் பார்த்து அதையே கத்தினேன். முதல் கதவிலிருந்து சீதேவியக்கா, "நான் எப்பவோ வச்சாச்சு, நீங்க வைங்கடா" என்று கத்தினார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒன்பது வீடும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்தது.

வெயில் வந்தது. எனக்கு வயது ஐம்பத்தாறு, கடற்கரை வெயிலும் பார்த்திருக்கிறேன், சித்திரை வெயிலும் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு வெயிலை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பலகைத் தடுப்பின் ஒவ்வொரு விரிசலிலும் அது புகுந்து புறப்பட்டது, தரை சுட்டது, ஓதம் ஏறிய சுவர் என் கண்முன்னே அடியிலிருந்து நுனிவரை வெளுத்தது, என் தையல் மிஷினின் துரு உதிர்ந்தது, நாற்பது நாளாகத் திறக்காத அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது, கொடியில் கிடந்த அத்தனை துணியும் விறைத்து நின்றது. ஒன்பது கதவையும் திறந்துவிட்டோம். வெயில் வாசல் தாண்டித் தெருவில் பாய்ந்து, கொட்டிக்கொண்டிருந்த மழைக்குள் போய் விழுந்தது, விழுந்த இடத்தில் கதவுக்கு ஒன்றாக ஒன்பது வானவில் எதிர்ச்சரிவுத் தேயிலை மேலே எழுந்து நின்றது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கைகொட்டினார்கள். கோயாக்கா நடுத்தெருவில் மழையிலும் வெயிலிலுமாக நின்று சும்மா சிரித்துக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான், வேறொன்றும் இல்லை.

வடிவு குச்சியோடு ஒன்பது வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். "பாத்துக்கிட்டு நிக்காதிய, காக்காய வெரட்டுங்க" என்றாள். ஊர்க் காக்காய் பூராவும் வந்திருந்தது. வீட்டுக்கு நாலைந்து என்று பங்கு பிரிந்து வந்ததால் சமாளித்தோம்.

ஆடி ஒன்றாம் தேதி அவள் அப்பா வந்தார். பெயர் ஆதிலிங்கம். சேலையும் வாழைத்தாரும் மாப்பிள்ளைக்கு வேட்டியுமாகச் சீரோடு பஸ்ஸை விட்டு இறங்கியவர், குடையை விரித்தார், எங்கள் தெருவைப் பார்த்தார், மடக்கினார். வெயிலும் மழையும் சேர்ந்து அடிக்கிற இடத்தில் குடையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே வந்து ஒரு வற்றலை எடுத்துக் காதருகே ஒடித்துச் சத்தம் கேட்டார். தொழில் தெரிந்த மனுஷன்.

"நல்ல வெயிலு மாப்ள" என்றார். "நம்ம தேரிப் பக்கம்கூட இப்பம் காத்தடிச்சு மண்ணு விழுது. இதுல தூசி இல்ல. ஏளா வடிவு, கெளம்பிட்டியா?"

அவள் கிளம்பியிருந்தாள். ஆடி என்றால் போகத்தான் வேண்டும், கூப்பிட வந்த அப்பாவை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. ஆனால் ஒரு மாதத்துக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றும்படி டிரங்குப் பெட்டி முழுக்கத் துணியை அடுக்கியிருந்தாள், அதை ஐயம்பெருமாள்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிப் போனான். நானும் போனேன். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவன் ஜன்னலோரம் போய் மெல்ல, "வருவியா?" என்று கேட்டான். அவள் அவனைப் பார்த்தாள். "காலைலதான் புதுசா ஊத்தியிருக்கேன். மூணு வெயிலு காயணும். அதுக்குப் பெறவு பூராவையும் எண்ணி டின்னுல போடணும். நம்பர் மாறாமப் பாத்துக்கிடுங்க" என்றாள். பஸ் போய்விட்டது. வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் திரும்பி நடக்கும்போது அதையே என்னிடம் நாலு தடவை கேட்டான். என்ன அர்த்தம் அண்ணே, என்ன அர்த்தம் அண்ணே என்று. பெட்டி நிறையத் துணி போனதை நான்தான் பார்த்தேனே, அதனால் பேச்சை மாற்றினேன்.

முதல் வாரம் நாங்கள் ஒழுங்காக இருந்தோம். பன்னிரண்டை விட்டு அசையவில்லை. வற்றல் காய்ந்தது, எண்ணி டின்னில் போட்டோம். ஐயம்பெருமாள் தானே கூழ் கிண்டப் பார்த்தான், அடிப்பிடித்தது. இரண்டாம் வாரம் ஊற்ற ஆள் இல்லை, துணிகள் வெறுமனே கிடந்தன. வெறும் தரைக்கு எதற்கு உச்சி வெயில்? சீதேவியக்கா ஒரு நாள் காலையில் முட்டிக்கு ஆறு வைத்தார். அதைப் பார்த்துக் கோயாக்கா ஒன்பது வைத்தார். நான் ரொம்ப நாள் பொறுத்தேன், மூன்று நாள் இருக்கும். பழைய பால்தண்ணீர் வெளிச்சம் திரும்ப ஒன்பது வீட்டிலும் வந்து உட்கார்ந்தது, சுவர் வியர்த்தது, அட்டை ஒன்று வாசல்படி தாண்டி உள்ளே வந்தது. ஐயம்பெருமாள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கூரைமேல் போய் டிஷ்ஷுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு, பஸ் வருகிற வளைவைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

ஆடி முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. புதுப்பெண் யாரும் அவ்வளவு சீக்கிரம் தாய் வீட்டிலிருந்து திரும்புவது கிடையாது. மத்தியான பஸ் வந்து நின்றது. முதலில் இரண்டு அரிசி மூட்டை இறங்கியது, அப்புறம் ஒரு கூடை மிளகாய், அப்புறம் டிரங்குப் பெட்டி, கடைசியாக வடிவு. கூரையிலிருந்து ஐயம்பெருமாள் இறங்கிய வேகத்தில் குடை ஒரு பக்கமும் ஏணி ஒரு பக்கமும் விழுந்தன. ஓடிவந்து அவளுக்கு முன்னால் நின்று, இரண்டு மூட்டையையும் ஒரே நேரத்தில் தூக்கப் பார்த்தான்.

அவள் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள், எல்லார் முன்னாலும். பிறகு வீட்டுக்குள் போகாமல் தெருவிலேயே நின்று, முதல் கதவிலிருந்து ஒன்பதாம் கதவுவரை வழிந்துகொண்டிருந்த அந்தச் சோகை வெளிச்சத்தை வரிசையாகப் பார்த்தாள்.

"எவரு என் வெயில மாத்துனது?" என்றாள்.

நாங்கள் எட்டுக் கதவுக்காரர்களும் அவரவர் வீட்டுக்குள் ஓடினோம். எட்டு வீட்டுக்குள்ளும் ரிமோட்டைத் தேடுகிற சத்தம் கேட்டது, பாத்திரம் விழுந்தது, ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள், நான் நாற்காலியில் முட்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷம் ஒன்பது கதவு வழியாகவும் உச்சி வெயில் தெருவில் வந்து விழுந்தது, அவள் அதில் நடந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் போனாள்.